வால் மட்டும் தெரிந்த மீன்

ஜூன் 28, ஞாயிறு

அண்ணன் ஆர்விட் வீட்டில் மதியச் சாப்பாடு. வயிற்றுவலி என்று சொல்லிப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணி நோரீன் ருபார்ப் பை என்று ஒரு இனிப்பும் புளிப்புமான பலகாரம் செய்வாள், என் நாக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விடும்.

தட்டைத் தொடுவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். "சோல்வே, அந்தப் பிளாஸ்டிக் தொட்டிய இன்னும் வச்சிருக்கியா? தீயணைப்பு நிலைய வாசல்ல ஜெரேனியம் பூச்செடி வைக்க நீளமா ஒரு தொட்டி கிடைச்சா தேவலைன்னு ஹெக்டர் சொல்லிட்டிருக்கான்."

தொட்டி என்றால் என் கயாக், ஒரு ஆள் உட்காரும் துடுப்புப் படகு. எல்லோரும் சிரித்தார்கள். நோரீனும்தான், கையால் வாயை மூடிக்கொண்டு.

போன வருஷக் கதையை அடுத்து எடுப்பான் என்று தெரியும். எடுத்தான். தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் ஆகஸ்ட் விருந்து. ஊரில் மீன் பிடிக்கிற ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு சால்மன் மீன் கொடுக்க வேண்டும். உப்பில்லை, எலுமிச்சை இல்லை, தேவதாருப் பலகையில் வைத்துத் தணலில் வாட்டித் தட்டில் போடுவார்கள். தட்டுக்கு நம்பர் மட்டும்தான். எது யாருடையது என்று தீயணைப்புத் தலைவர் ஹெக்டருக்கு மட்டும் தெரியும். சாப்பிட வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிப்பி ஓடு. எந்தத் தட்டில் இன்னொரு வாய் வேண்டுமோ அதன் முன்னால் அவரவர் சிப்பியை வைக்க வேண்டும். போன வருஷம் என் தட்டின் முன்னால் ஒரு சிப்பிகூட இல்லை. நிலையத்து நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போயிற்று. அந்த நாய் தீயணைப்பு வண்டியின் டயரையே நக்கும்.

"மீன் மாதிரியா இருந்துச்சு? நனைஞ்ச ரொட்டி. கயாக்ல பிடிச்சா அப்படித்தான். ஐஸ் பெட்டி இல்ல, நிழல் இல்ல, கரைக்கு வர்றதுக்குள்ள செத்து ஒரு யுகம் ஆயிருக்கும். பேசாம என் படகுல வந்து உக்காரு. வேணும்னா ஒரு தூண்டில உன் கையில தர்றேன்."

வேணும்னா ஒரு தூண்டிலா? எனக்கா?

என் புருஷன் கார்டன் என்னைவிட்டுப் போனபோது படகையும் கொண்டுபோனான். வாழ்க்கையிலேயே நானாகப் பார்த்து, நானாக வாங்கியது அந்தக் கயாக் ஒன்றுதான். அதில் உட்காரும்போது யாரும் எனக்கு வழி சொல்வதில்லை. இதை அந்த மேஜையில் எப்படிச் சொல்வது? வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது. "இந்த வருஷமும் என் தட்டுக்கு ஒரு சிப்பிகூட விழலைன்னா தொட்டிய எடுத்துக்கோங்க. நானே மண்ணு போட்டுத் தர்றேன். ஆனா உன் தட்டவிட எனக்கு அதிகமா விழுந்தா, துறையில ஊரே பாக்க, நீ அதுல ஏறித் துடுப்புப் போட்டு விரிகுடாவ ஒரு சுத்து சுத்தி வரணும்."

கை குலுக்கிவிட்டான். பை சாப்பிடாமலே வந்துவிட்டேன். முட்டாள்தனம். பை என்ன பாவம் செய்தது?

ஜூலை 2, வியாழன்

சலூனில் கூட்டமில்லை. என்னோடு சேர்ந்து சலூன் நடத்தும் டெல்ஃபின், கண்ணாடியைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய படங்களையெல்லாம் கிழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். போன வருஷம் விருந்துக்காக நான் பிடித்த அந்தச் சினூக்கின், பெரிய ஜாதிச் சால்மனின், படங்களும் அதில் இருந்தன. துறையில் நானும் மீனும். பெட்ரோல் நிலையத்தில் நானும் மீனும். தேவாலய வாசல், தபால் அலுவலகம், சலூன் நாற்காலி. கழுத்தில் துணி கட்டி மீனை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறோம்.

"ஏண்டி, இதப் பாத்தியா?" என்றாள் டெல்ஃபின். "உன் சிரிப்பு எல்லாப் படத்துலயும் அப்படியே இருக்கு. மீனுதான் ஒவ்வொண்ணுலயும் வயசாகிட்டே போகுது."

வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். துறையில் வெள்ளிக்காசு. பெட்ரோல் நிலையத்தில் ஈயம். சலூன் நாற்காலியில் பழைய செருப்பு. என் நிழல் ஒரு படத்தில் இடதுபக்கம் நீளமாகக் கிடக்கிறது, இன்னொன்றில் காலடியில் சுருண்டிருக்கிறது. பாதிப் பகல் வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறேன். ரத்தம் வடிக்கவில்லை. குடல் எடுக்கவில்லை. கடைசியில் தோட்டத்துக் குழாயில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிப் பளபளவென்று கழுவியும் விட்டேன்.

ஆக, கயாக் மேல் தப்பில்லை. மினுக்கியதுதான் தப்பு.

சந்தோஷத்தில் டெல்ஃபினுக்கு இலவசமாக முடி வெட்டிவிட்டேன். அவள் கேட்கவே இல்லை.

ஜூலை 6, திங்கள்

ஹம்பிகள் வர ஆரம்பித்துவிட்டன. முதுகு கூனிய சின்னச் சால்மன். சதை சீக்கிரம் கொழகொழத்துப் போவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஊரில் பாதிப்பேர் இதைத் தொடுவதில்லை. எனக்கு வேண்டியது அதுதான். ஹம்பியையே கெட்டியாக வைத்திருக்க முடிந்தால் சினூக் எம்மாத்திரம்?

முதல் சோதனை: செவுளை அறுத்துக் கயிற்றில் கோத்துக் கயாக்குக்குப் பக்கத்தில் கடலிலேயே தொங்கவிட்டேன். கடல்தான் குளிர்கிறதே, ஐஸ் எதற்கு என்ற என் அறிவு.

கயிறு ஒரு இழு இழுத்தது. தூக்கிப் பார்த்தால் தலை மட்டும் இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கடல்நாய் தலையைத் தூக்கி, மீசையை ஆட்டிக்கொண்டு, அடுத்தது எப்போது வரும் என்பதுபோல் பார்த்தது.

ஜூலை 12, ஞாயிறு

ஈரச் சாக்கில் சுற்றிக் காலடியில் வைத்தது: ஈக்களுக்குப் பிடித்திருந்தது.

ரத்தம் வடித்து, ஐஸ் துண்டுகள் மேல் கிடத்தியது: ஐஸ் தொட்ட இடம் கல். தொடாத இடம் களி. ஒரே மீனில் இரண்டு மீன்.

வீடு முழுக்க ஹம்பி. ஹம்பி சூப், ஹம்பி கட்லெட். பக்கத்து வீட்டுப் பூனை என்னைக் கண்டால் வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடுகிறது.

ஜூலை 14, செவ்வாய்

டெல்ஃபின்: "இன்னும் ஒரு டப்பா மீன் கொண்டு வந்தேன்னா, உன் தலைக்குப் பச்சை சாயம் அடிச்சு விட்ருவேன்."

ஜூலை 26, ஞாயிறு

கிடைத்துவிட்டது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

துறையில் மீனவர்களுக்குக் கொடுக்கும் பொடி ஐஸ். அதைக் குளிர் தாங்கும் பையில் பாதிக்கு நிரப்பி, மீன் கிடைத்தவுடன் கடல்நீரைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கிவிட வேண்டும். கடல்நீரில் உப்பு இருப்பதால் சில்லிப்பு வெறும் ஐஸைவிடக் கடுமையாகிறது. கூழ் என்பதால் மீனின் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே கையை விட்டால் எலும்பு வரை வலிக்கிறது. அந்த வலிதான் அளவு. வலிக்கவில்லை என்றால் ஐஸ் போதாது.

அதற்கு முன் வரிசை இதுதான்: தடியால் தலையில் ஒரே அடி. உடனே இரண்டு பக்கச் செவுளும் அறுத்து, இதயம் நிற்பதற்குள் ரத்தத்தை வடியவிடுவது. பிறகு குடல். பிறகு கரண்டியால் முதுகெலும்பை ஒட்டிய ரத்தக்கோட்டைச் சுரண்டுவது. கழுவுவது கடல்நீரில்தான். நல்ல தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது. பிறகு வயிற்றுக்குள்ளும் கூழ்.

அப்புறம் ஒன்று: மீனை வளைக்கக்கூடாது. விறைக்கும்போது வளைந்திருந்தால், நிமிர்த்தும்போது சதை உள்ளுக்குள் கிழிகிறது. வெட்டினால் ஓலைப்பாய் மாதிரி இடைவெளி விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எட்டு ஹம்பி செலவு.

இன்று வாட்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஹம்பி என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

துறையில் ஆர்விட்: "தொட்டிக்கு மண்ணு சொல்லி வச்சாச்சு. சிவப்பு ஜெரேனியமா, வெள்ளையா?" சிவப்பு என்றேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

நாளை துறையில் பெரிய மீனுக்கான எடைப் போட்டி. நாளை மறுநாள் விருந்து. இன்றும் வெறுங்கையோடு வந்தேன். நாலு நாளாகச் சினூக் ஒன்றுகூடத் தொடவில்லை. தட்டில் வைக்க மீனே இல்லாவிட்டால் சிப்பி எங்கிருந்து விழும்?

வழக்கமாக இந்த வாரம் மூடுபனியில் மூக்கு நுனி தெரியாது. இந்த வருஷம் அடுப்பு மாதிரி வெயில்.

பயமாகத்தான் இருக்கு. தொட்டி போனா போகட்டும்னு சொல்லிப் பாக்குறேன். மனசு கேக்க மாட்டேங்குது. அது தொட்டி இல்ல.

ஆகஸ்ட் 14, வெள்ளி

எங்கே ஆரம்பிப்பது?

‘உடைந்த பல்’ என்று ஊரில் சொல்லும் பாறைக்கு அருகே, கடற்பாசிக் காட்டின் ஓரமாக, ஹெர்ரிங் என்கிற சின்ன மீனை இரையாக ஆழத்தில் விட்டு மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சூரியன் மலைக்கு மேல் வந்து கொஞ்ச நேரம்தான். தூண்டில் கோல் வளையவில்லை. தண்ணீருக்குள் போயிற்று. பாதிக் கோல் தண்ணீருக்குள். கயாக் தானாகத் திரும்பி, மூக்கை நீட்டிக்கொண்டு, அந்த மீன் போன பக்கம் போக ஆரம்பித்தது. படகில் இருப்பவர்கள் மீனை இழுப்பார்கள். எங்களை மீன் இழுக்கும். அந்த சுகம் ஆர்விட்டுக்குத் தெரியாது.

நேராகக் கடற்பாசிக்குள் கொண்டுபோகப் பார்த்தது. போனால் கயிறு சிக்கி அறுந்துவிடும். காலை ஒரு பக்கம் தொங்கவிட்டுப் பிரேக் மாதிரி அழுத்தினேன். தண்ணீர் உயிர் போகிற குளிர். திட்டினேன், கெஞ்சினேன், எல்லாம் சத்தமாகத்தான். கடைசியில் அது பக்கவாட்டில் படுத்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. கைவலையில் பாதிதான் புகுந்தது. மடியில் விழுந்தபோது கயாக் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் குடித்தது.

தடி. ஒரே அடி. மனதுக்குள் ஒரு நன்றி. கைத்தராசில் மாட்டித் தூக்கினேன். முப்பத்துநாலு பவுண்டு.

அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்த ரேடியோவில் துறையிலிருந்து அறிவிப்பு. "இதுவரைக்கும் முதலிடம் ஆர்விட், முப்பத்தோரு பவுண்டு. மீன் கொக்கியில் தொங்குது, எல்லாரும் வந்து பாருங்க."

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துதான் இருந்தேன், இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊர் எடைப் போட்டியின் விதி எனக்கு மனப்பாடம். மீன் குடலோடு முழுசாக வரவேண்டும். எடை போட்ட பிறகு மதிய மணி அடிக்கும்வரை கொக்கியிலேயே தொங்க வேண்டும். யாரும் வயிற்றுக்குள் ஈயம் வைத்து ஏமாற்றவில்லை என்று ஊர் பார்த்துத் திருப்திப்பட வேண்டுமாம். கொக்கியில் மாட்டினால் என் பெயர் பலகையில் ஏறும். அண்ணன் பெயருக்கு மேலே. இருபது வருஷமாக அந்தப் பலகையில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஆனால் காலையிலிருந்து மதியம் வரை அந்த வெயிலில், குடலோடு. நாளைக்குத் தட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சலூன் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோமே, அது இருக்கும்.

இதுவே கோடைக்கு ஒன்று கிடைக்கிற மீன். இன்னொன்றுக்கு நேரமும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. நிறைய நேரம் இருந்திருக்க முடியாது. ஏனென்றால் செவுளை அறுத்தபோது ரத்தம் இன்னும் வேகமாகத்தான் வந்தது. வலையோடு பிடித்துத் தண்ணீரில் வைத்தேன். அந்தக் கடல்நாய் வந்துவிட்டது, அதே மீசை. "கிட்ட வந்த, உனக்கும் இதே கத்திதான்," என்றேன். துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்ததும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஒரு கையில் மீன், ஒரு கையில் துடுப்பு, கண் முழுக்க கடல்நாய். ரத்தம் நின்று தண்ணீர் தெளிந்ததும் மீனை மடியில் போட்டு வயிற்றைக் கிழித்தேன். பலகையில் ஏறவேண்டிய மூன்று பவுண்டைக் கடற்காகங்கள் சண்டைபோட்டுத் தின்றன. அழுகை வந்தது. ஒரு சொட்டு அழுதேன். மறைப்பானேன்.

பைக்குள் வைத்தால் மீன் கொள்ளவில்லை. பை ஹம்பிக்குத் தைத்தது. வளைத்தால் நுழைந்துவிடும். வளைக்கக்கூடாது. தலையும் உடம்பும் கூழுக்குள் நேராக இருக்க, வால் மட்டும் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஈரத்துண்டால் சுற்றிக் கட்டி, வழியெல்லாம் கடல்நீர் தெளித்துக்கொண்டே வந்தேன்.

துறையைத் தாண்டித்தான் என் கரைக்குப் போக வேண்டும். துண்டு நழுவியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆர்விட் தன் மீனுக்குப் பக்கத்தில் தோளில் கை போட்டபடி நின்றிருந்தான். ஆமாம், மீனின் தோளில்தான். வெயில் அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ கேட்டார்கள், "அங்க என்ன நீட்டிட்டிருக்கு, துடுப்பா?"

"ஆமா," என்றேன். நிற்கவில்லை.

மதிய மணி அடித்தபோது என் மீன் வீட்டில் குளியல்தொட்டியில், ஐஸ் படுக்கையில், நீந்துகிற மாதிரி வயிறு கீழாகப் படுத்திருந்தது. உருகுகிற நல்ல தண்ணீர் தேங்காமல் ஓடிவிட அடைப்பானைத் திறந்து வைத்திருக்கிறேன். எனக்குக் குளிக்க இடமில்லை.

ஆகஸ்ட் 15, சனி

காலையில் போய்த் தொட்டுப் பார்த்தேன். விறைப்பு விட்டிருந்தது. மதியம் வெட்டினேன். கத்தி போன வழியில் சதை கண்ணாடி மாதிரி நின்றது. ஒரு இடைவெளி இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. டெல்ஃபின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "நேத்து வால் மட்டும் பாத்தேன். அதோட மிச்சமா இது?" என்றாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். "தலைக்கு வேணும்னா சிவப்பு அடிச்சு விடவா, ஜெரேனியத்துக்கு மேட்சா?" என்றாள். பாவி.

மாலை தீயணைப்பு நிலையம். ஹெக்டர் மீனை வாங்கிப் பலகையில் வைத்தார். மீன் பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நுனியை வெட்டி உள்ளே வைத்தார். நல்ல மனுஷன்.

ஒன்பது தட்டு. நான் சாப்பிடவில்லை. ஓரமாக நின்று எலுமிச்சைச் சாறு குடிப்பதுபோல் நடித்தேன். டம்ளர் காலியாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

ஆர்விட் தட்டு தட்டாக வந்தான். நாலாம் தட்டில் ஒரு வாய் எடுத்து, விழுங்கி, முகத்தைச் சுளித்து நாப்கினைத் தேடினான். "யாரு மீனு இது, கஞ்சி மாதிரி? சோல்வே, உன் கைவண்ணமா?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். சிரிப்பு. என் காது சுட்டது.

பிறகு ஆறாம் தட்டுக்கு வந்தான். ஒரு வாய். பேச்சை நிறுத்தினான். இன்னொரு வாய். அந்தப் பக்கம் போய் இரண்டு தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஆறுக்கு வந்தான். "இதான்," என்றான் நோரீனிடம். "கொக்கியில தொங்கினது இதான். என் மீன எனக்குத் தெரியாதா? தொட்டா உதிரி உதிரியா வருது பாரு, என்ன ஒரு ருசி." சிப்பியை எடுத்து ஆறின் முன்னால் டொக்கென்று வைத்தான். வைத்துவிட்டு இன்னொரு துண்டும் எடுத்தான்.

அதற்குள் ஆறின் முன்னால் சிப்பி குவிந்துவிட்டது. மேஜை கொள்ளாமல் இரண்டு கீழே விழுந்தன. நாய் வந்து தட்டின் கீழே உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

ஹெக்டர் தட்டுகளின் அடியிலிருந்த சீட்டைப் புரட்டினார். முதலில் நாலு. "ஆர்விட்." பிறகு ஆறு. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாக, "சோல்வே," என்றார்.

முதலில் சிரித்தது நோரீன். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எல்லோரும். ஆர்விட் வாய் நிறைய என் மீனோடு நின்றான். துப்பவும் மனமில்லை, விழுங்கவும் மானம் விடவில்லை. கடைசியில் விழுங்கினான்.

"உப்பு போட்டியா?" என்றான்.

"நான் போடல. கடல் போட்டுச்சு."

"கயாக்லயா பிடிச்ச?"

"இல்ல. ஜெரேனியம் தொட்டியில."

நான் ஜெயித்துவிட்டேன். எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. இன்னொரு தடவை எழுதுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

துறையில் ஊரே கூடிவிட்டது. ஆர்விட் உயிர்காப்புச் சட்டை இரண்டு போட்டுக்கொண்டு வந்தான். கயாக்கில் ஏறும்போதே ஒரு முறை தண்ணீரில் விழுந்தான். "துடுப்ப தலைகீழா பிடிச்சிருக்கீங்க," என்று யாரோ சின்னப்பெண் சொன்னாள். அவன் திருப்பிப் பிடித்தான். டெல்ஃபின் ஒரு ஜெரேனியச் செடியை அவன் மடியில் வைத்துவிட்டாள்.

சுற்றி வர ரொம்ப நேரம் ஆயிற்று. பாறைக்கு அந்தப்பக்கம் போனவன் வெகுநேரம் வரவில்லை. வந்து இறங்கியபோது முகத்தில் கோபம் இல்லை. ஈரக் கையால் கயாக்கை ஒரு தட்டு தட்டினான்.

"அங்க சத்தமே இல்ல, சோல்வே."

"தெரியும்."

கொஞ்சம் கழித்து, யாருக்கும் கேட்காமல்: "அது எவ்வளவு இருந்துச்சு? முந்தாநேத்து அந்த வால நானும்தான் பாத்தேன்."

"தட்டுக்குப் போதுமான அளவு இருந்துச்சு," என்றேன். முப்பத்துநாலு இந்த நோட்டுக்கு மட்டும்தான்.

ஆகஸ்ட் 22, சனி

நோரீன் வந்தாள். பெரிய சைஸில் ஒரு குளிர்ப்பை எங்கே தைப்பார்கள் என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ருபார்ப் பை கொண்டுவந்திருந்தாள், முழுசு. ஜூன் மாதத்துப் பாக்கி என்றாள்.

செப்டம்பர் 7, திங்கள்

கோஹோ சால்மன் சீசன். விடிந்ததும் உடைந்த பல் பாறைக்குப் போனேன். காற்று இல்லை. எனக்கு முன்பே ஆர்விட் படகு அங்கே இருந்தது, என்ஜினை அணைத்துவிட்டு. அவன் என்ஜினை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

அவன் தூண்டில் வளைந்தது. நல்ல மீன்தான், அவன் முதுகு வளைவதிலேயே தெரிந்தது. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய காட்சி. மீன் படகுக்குள் விழும், ஆர்விட் அதை இரண்டு கையால் தலைக்கு மேல் தூக்கி என் பக்கம் திருப்பி, நான் கை தட்டும்வரை அப்படியே நிற்பான். நானும் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

மீன் படகுக்குள் விழுந்தது. தடிச் சத்தம், ஒன்றே ஒன்று. பிறகு அவன் குனிந்தான். நிமிரவே இல்லை. படகின் ஓரத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம் சிவந்து, மெல்லத் தெளிந்தது. வாளியில் கடல்நீர் மொள்ளும் சத்தம். ஐஸ் கலக்கும் சத்தம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் என் பக்கம் திரும்பினான். கையைத் தூக்கினான். வெறும் கையைத்தான்.

நானும் தூக்கினேன்.